பெர்மிட்டில் எழுதியிருக்கும் கூலி

தோட்ட ஆபீசில் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேடு எழுதியும், பின்னாளில் ஜொகூரின் பாசிர் கூடாங், செனாய் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஆள்பிரிவு பார்த்தும் பிழைத்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. புதிதாக ஒரு தொழிலாளி வந்து நின்றால், அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்பதற்கு முன்பே அவருடைய பெர்மிட் எப்போது முடிகிறது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஆள் எடுப்புக் கோட்டா, வெளிநாட்டு ஆளுக்கு அரசுக்குக் கட்டும் லெவி, காப்புறுதி, ஃபோமெமா மருத்துவச் சோதனை, தங்குமிடச் சான்றிதழ் என்று ஒரு மனிதரைச் சுற்றி அடுக்கப்படும் காகிதங்களை ஆண்டுக்கணக்கில் புரட்டியவருக்கு, காப்பிக்கடைப் பேச்சு வேறொரு உலகத்துப் பேச்சாகத் தெரியும். "வெளிநாட்டுக்காரன் வந்து நம்ம பிழைப்பைக் கெடுத்துட்டான்" என்பது அந்தப் பேச்சு. குளுவாங்கிலும் கூலாயிலும் மாசாயிலும் தமிழர் வாயிலிருந்தே அதைக் கேட்கலாம். அதில் வியப்பு இல்லை. தோட்டத்தை இழந்தவர்கள் அவர்கள். இந்தக் கோபம் பொய் என்று சொல்ல நான் எழுதவில்லை. போக வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை என்று சொல்லவே எழுதுகிறேன். வெளிநாட்டுத் தொழிலாளி மலிவாகக் கிடைப்பதற்கு அவருடைய ஊர் வறுமை பாதிக் காரணம் என்றால், அவரை ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் பெர்மிட் மீதிக் காரணம். அவரைத் துரத்தச் சொல்லும் ஒவ்வொரு குரலும் அந்தக் கட்டை இறுக்குகிறது. கட்டு இறுக இறுக அவர் இன்னும் மலிவாகிறார். உள்ளூர்க்காரரின் கூலியும் அவரோடு சேர்ந்தே கீழே போகிறது.

அந்தக் காகிதம் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மலேசியாவில் கீழ்நிலை வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்குக் குடிநுழைவுத்துறை தருவது தற்காலிக வேலை அனுமதி. அதில் முதலாளியின் பெயரும் துறையும் இருக்கும். செம்பனைத் தோட்டத்துக்கு வந்தவர் பக்கத்துத் தோட்டத்தில் நாளுக்குப் பத்து ரிங்கிட் கூடக் கிடைக்கிறது என்று தன் இஷ்டத்துக்கு மாற முடியாது. சம்பளம் வராவிட்டாலும், மேற்பார்வை மண்டோர் அடித்தாலும், வெளியே போய்விட்டால் அவர் "ஓடிப்போனவர்". முதலாளி ஒரு புகார் கொடுத்தால் அனுமதி ரத்தாகும், அன்று முதல் அவர் சட்டவிரோதக் குடியேறி. பிறர் கடப்பிதழைப் பிடித்துவைப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்தான். ஆனாலும் பல ஆபீஸ்களில் அது இரும்புப் பெட்டிக்குள்தான் கிடந்தது என்பது இந்தத் தொழிலில் யாருக்கும் தெரியாத இரகசியமன்று. இனி செலவுக் கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். உள்ளூர்த் தொழிலாளிக்கு அந்தச் சம்பளத்தில் முதலாளி இ.பி.எஃப். எனப்படும் ஊழியர் சேமநிதிப் பணமாக 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட், மாதந்தோறும் கட்ட வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 2025 அக்டோபரில்தான் இ.பி.எஃப். கட்டாயமானது. அதுவும் 2 விழுக்காடு, 34 ரிங்கிட். தோட்டத் துறைக்கு லெவி ஆண்டுக்கு 640 ரிங்கிட், மாதத்துக்கு 53 சொச்சம். விமானச் செலவும் தங்குமிடச் செலவும் தனி, அவற்றை மறைக்கவில்லை. ஆனாலும் உள்ளூர்க்காரரை எடுத்தால் மாதாமாதம் கூடுதல் செலவு, எப்போது வேண்டுமானாலும் விலகிப்போகும் சுதந்திரமும் அவருக்கு உண்டு. வெளிநாட்டவரை எடுத்தால் செலவும் குறைவு, அவர் போகவும் முடியாது. இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்த நிர்வாகியும் யாரை எடுப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஆளைக் கட்டிப்போட்டால் கூலி குறையும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. நம் பாட்டன்மார் உடம்பால் எழுதிய பாடம் அது. சஞ்சிக்கூலி முறை 1910-களில் ஒழிந்த பிறகும், கங்காணி வழி வந்த தமிழர் கடனோடும் கங்காணியின் தலைக்காசோடும் தோட்டத்தில் கட்டுண்டே இருந்தார்கள். அதே காலத்து மலாயாவில் சீனத் தொழிலாளர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் குழுவாக வேலை எடுத்தார்கள். கூலி பிடிக்காவிட்டால் குழுவோடு அடுத்த தோட்டத்துக்கோ ஈயச் சுரங்கத்துக்கோ போனார்கள். ஒரே பால்மரத்தைச் சீவியவர்களில் சீனருக்குத் தமிழரைவிடக் கூலி கூடுதலாக இருந்ததற்கு இந்த நகரும் வசதி முக்கியக் காரணம். ஆப்பிரிக்காவிலும் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் மொசாம்பிக்கிலிருந்தும் லெசோத்தோவிலிருந்தும் ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுவந்து, வேலியிட்ட குடியிருப்பில் அடைத்து, ஒப்பந்தம் முடிந்ததும் திருப்பி அனுப்பின. அந்தச் சுரங்கக் கூலியை ஆராய்ந்த பொருளியலாளர் பிரான்சிஸ் வில்சன், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் 1969-இல் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளி வாங்கியது 1911-இல் வாங்கியதைவிடக் கூடுதலாக இல்லை என்று காட்டினார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் தங்கம் மேலே வந்துகொண்டே இருந்தது, கூலி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. வெளியிலிருந்து வந்தவருக்கு மட்டுமல்ல, அதே சுரங்கத்தில் இறங்கிய தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவருக்கும் அந்தத் தேங்கிய கூலிதான் கிடைத்தது.

துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று கைவசம் இருக்கிறது, அதுவும் நம் வீட்டுச் சான்று. 1968-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1969 மே 13 கலவரமும் சேர்ந்து, குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கின. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு தலைமுறையாகத் தோட்டத்தில் இருந்த தமிழர் ஒரே இரவில் "அந்நியத் தொழிலாளி" ஆனார்கள். ஏறத்தாழ 60,000 பேர் நாட்டை விட்டுப் போனதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த வேலைகள் யாருக்குப் போயின? தோட்டத்து மரம் சீவ நகரத்து இளைஞர் வரிசையில் வந்து நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே ஆள் தட்டுப்பாடு வந்தது. ரியாவ் தீவுகள் பக்கமிருந்து ஜொகூர்க் கரையில் படகில் இறங்கிய இந்தோனேசியர்களை ஒப்பந்தக்காரர்கள் தோட்டங்களுக்குள் கொண்டுவந்தார்கள். பத்திரம் உள்ளவர் இடத்தில் பத்திரமே இல்லாதவர் வந்தார். இதே 1969 நவம்பரில் கானாவில் பிரதமர் பூசியாவின் அரசு, குடியிருப்பு அனுமதி இல்லாத வெளிநாட்டவர் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டது. நைஜீரியர் உட்பட லட்சக்கணக்கானோர் போனார்கள்; கொக்கோத் தோட்டங்கள் ஆளில்லாமல் திண்டாடின. 1983 ஜனவரியில் முறை மாறியது. எண்ணெய் விலை சரிந்த நைஜீரியா ஏறத்தாழ இருபது லட்சம் பேரை வெளியேறச் சொன்னது; அவர்களில் பாதியளவினர் கானாக்காரர்கள். அன்று துரத்தியவர் இன்று துரத்தப்பட்டார் என்று அதில் நீதி தேடுவோர் தேடட்டும். என் கண்ணுக்குப் படுவது வேறு: ஆள் வெளியேறிய பின் கூலி உயர்ந்து உள்ளூர்க்காரர் வாழ்ந்தார் என்ற முடிவு இரண்டு நாட்டிலும் வரவில்லை.

தமிழர் தோட்டத்தை இழந்த கதையில் இந்தோனேசியருக்கும் வங்காளதேசிக்கும் பங்கு உண்டா என்றால், உண்டு. ஆனால் அது கருவியின் பங்கு. 1984-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடான் ஒப்பந்தத்தில் தோட்டத்துக்கும் வீட்டுவேலைக்கும் ஆள் அனுப்ப இசைந்தன. அதற்கு முன்பே ரப்பர் போய்ச் செம்பனை வரத் தொடங்கியிருந்தது; செம்பனைக்கு ஏக்கருக்கு வேண்டிய ஆள் குறைவு. நேரடியாகத் தோட்டச் செக்ரோலில் இருந்த தமிழருக்குத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் மாப்பா எனப்படும் முதலாளிகள் சங்கமும் போட்ட கூட்டு ஒப்பந்தம் பொருந்தும். ஒப்பந்தக்காரரின் கீழ் வந்தவருக்குப் பொருந்தாது. அவருக்கு டன் கணக்கு, குலை கணக்கு. ஒரே மரவரிசையில் இரண்டு விலை ஏற்பட்டது. நிர்வாகம் எந்த விலையை விரிவாக்கும் என்பது தெரிந்ததே. லயத்து வீடுகள் இடிந்தன, தோட்டம் துண்டாகி வீட்டுமனை ஆனது, பிள்ளைகள் மாசாய், உலு திராம் பக்கம் தொழிற்சாலைக்குக் குடிபெயர்ந்தார்கள். இதில் உள்ளே வந்தவர் கேட்டது ஒன்றுமில்லை. இரண்டு விலைக்கு இடம் கொடுத்த ஏற்பாட்டைச் சட்டமும் சங்கமும் அன்றே தடுத்திருந்தால், இந்தோனேசியர் வந்திருந்தாலும் தமிழர் இவ்வளவு வேகமாக வெளியே தள்ளப்பட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், பொதுமக்கள் எதிர்ப்பு ஒரே நாளில் அரசை அசைத்த நிகழ்வும் உண்டு. 2016 பிப்ரவரி 18 அன்று மலேசியாவும் வங்காளதேசமும் ஆள் எடுப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மூன்று ஆண்டில் 15 லட்சம் பேர் என்ற எண் ஏற்கெனவே வெளியே வந்து நாடே கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாளே எல்லா நாட்டு ஆள் எடுப்பும் நிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது. மக்கள் வென்றார்கள் என்று பலரும் நினைத்தார்கள். நடந்தது என்ன? தடை தளர்ந்ததும் ஆள் எடுப்பு மீண்டும் தொடங்கியது. வங்காளதேசத்தில் அது பத்து ஏஜெண்டுகள் கையில் குவிந்தது. ஒருவர் 20,000 ரிங்கிட் வரை கட்டி வந்ததாகச் செய்திகள் வெளிவந்த பிறகு, 2018-இல் மனிதவள அமைச்சர் எம். குலசேகரன் அந்த முறையை நிறுத்தினார். கதவு சாத்திச் சாத்தித் திறக்கப்படும்போது, திறக்கும் சாவியை வைத்திருப்பவருக்குக் கிராக்கி கூடுகிறது. அந்த விலையைத் தொழிலாளி கடனாகச் சுமக்கிறார். அன்று சம்பளம் 1,000 ரிங்கிட் என்றால், சாப்பிடாமல் சேர்த்தாலும் அந்தக் கடன் அடைய இருபது மாதம் ஆகும். இப்படிக் கடன் கழுத்தில் தொங்க வருபவர் எந்த வேலையை வேண்டாம் என்பார், எந்த மிகைநேரத்தை மறுப்பார்? அவருக்குப் பக்கத்து மேசையில் உட்காரும் உள்ளூர்ப் பெண் எந்த நம்பிக்கையில் சம்பள உயர்வு கேட்பார்? குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்த 2013-இல், லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள முதலாளிகளுக்கு அனுமதி கிடைத்ததையும் நினைவில் வையுங்கள். 2018-இல்தான் அந்தச் சுமை முதலாளிக்குத் திரும்பியது. உயர்த்திய கூலியை ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தார்கள், எடுத்தது அடுத்த நாட்டுக்காரனிடமிருந்துதானே என்று நாம் பேசாமல் இருந்தோம்.

ஜொகூரிலேயே நடந்த பெங்கெராங் விவகாரம் இந்த வாதத்துக்கு மிகத் துலக்கமான சாட்சி. 2023 தொடக்கத்தில் அரசு கோட்டா விதிகளைத் தளர்த்தியபோது, வேலையே இல்லாத நிறுவனங்களும் ஆள் கொண்டுவந்தன. அப்படி வந்து மாதக்கணக்கில் வேலையும் சம்பளமும் இன்றிக் கிடந்த 171 வங்காளதேசத் தொழிலாளர், 2023 டிசம்பரில் பெங்கெராங்கில் போலீஸ் நிலையத்துக்கு நடந்தே புகார் கொடுக்கப் போனார்கள். வழியிலேயே பிடிபட்டார்கள். புகார்தாரரே கைதியானார். பின்னர் தொழிலாளர் துறை தலையிட்டு, 733 தொழிலாளருக்குப் பத்து லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் சம்பள பாக்கி தர முதலாளிக்கு உத்தரவு வந்தது. உத்தரவு வந்தது நல்லது. ஆனால் அதற்குள் ஜொகூர் முழுவதும் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் ஒரு செய்தியைப் படித்திருப்பார்கள்: வாய் திறந்தால் பிடிபடுவோம். ஒரு தொழிற்சாலையில் கூலித் திருட்டைக் கண்டுபிடிக்க அரசுக்கு இருக்கும் மிக மலிவான வழி, அங்கே வேலை செய்கிறவர் பயமில்லாமல் வந்து சொல்வது. அந்த வழியை அடைத்துவிட்டு, குறைந்தபட்சச் சம்பளத்தைக் கண்காணிக்கிறோம் என்று சொல்வதில் பொருள் இல்லை. இப்படி 1,700 ரிங்கிட் தராமல் தப்பிக்கும் முதலாளியோடு போட்டி போட முடியாமல், ஒழுங்காகச் சம்பளம் தரும் முதலாளியும் கீழே இறங்குகிறார்; அவரிடம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் கூடவே இறங்குகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் 2021-இல் சொவெட்டோவில் கிளம்பிய ஆப்பரேஷன் டுடுலா, இந்தக் கோபம் அமைப்பாகத் திரண்டால் எப்படி இருக்கும் என்பதைக் காட்டுகிறது. கடைவீதியில் போய் அடையாள அட்டை கேட்பது, வெளிநாட்டவரைக் கடையைச் சாத்தச் சொல்வது, அரசு மருத்துவமனை வாசலில் நின்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது என்று அது வளர்ந்தது, பிறகு கட்சியாகவும் ஆனது. அங்கே வேலையில்லாதோர் விகிதம் முப்பது விழுக்காட்டுக்கு மேல். கோபத்துக்குக் காரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதையின் முடிவை அந்த நாடு முன்பே பார்த்துவிட்டது. 2008 மே மாதம் அலெக்சாண்ட்ராவில் தொடங்கிய வன்முறையில் மாண்ட 62 பேரில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்கள். அந்நியனைத் தேடிப் போகும் கும்பல் பத்திரம் பார்த்து அடிப்பதில்லை. பேச்சு வழக்கையும் தோல் நிறத்தையும் பார்த்து அடிக்கிறது. மலேசியாவில் டுடுலா போன்ற இயக்கம் இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 2020 ஏப்ரலில் ரோஹிங்கியா தலைவர் ஒருவர் குடியுரிமை கேட்டார் என்ற வதந்தி கிளம்பி, அவர் மறுத்த பிறகும் இணையத்தில் மனு மேல் மனுவாக வெறுப்பு பெருகியது. அடுத்து மே முதல் நாள், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின் நடுவே, கோலாலம்பூரில் குடிநுழைவுத்துறை வீடு வீடாகச் சோதனை நடத்தியது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவ, திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர் ரயில் நிலையத்துக்கு ஓடியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மலேசியாவில் கும்பல் தெருவுக்கு வருவதில்லை. குடியிருப்போர் புகார், அதன் பின்னால் சோதனை, அதன் பின்னால் பெக்கான் நானாஸ் தடுப்பு முகாம் என்று அதே வேலை அலுவலக நடைமுறையாக நடந்துவிடுகிறது. இந்த ஒழுங்கு நாகரிகமானது என்பதில் ஐயமில்லை. தொழிலாளி மனத்தில் அது விதைக்கும் பயம் மட்டும் ஒன்றுதான்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வலுவானது: வெளிநாட்டவர் வந்தால் கூலி குறைகிறது என்பது உண்மைதானே? உலக வங்கி 2015-இல் மலேசியா பற்றி வெளியிட்ட ஆய்வு இதை நேராகப் பார்க்கிறது. ஒரு மாநிலத்துக்குப் பத்து வெளிநாட்டுத் தொழிலாளர் கூடுதலாக வந்தால், அங்கே ஐந்து மலேசியருக்குப் புது வேலை பிறக்கிறது. மலேசியரின் சராசரிக் கூலி சிறிதளவு உயரவே செய்கிறது. ஆனால் மிகக் குறைவாகப் படித்த மலேசியரின் கூலி, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக என்றாலும், குறைகிறது. ஆகவே காப்பிக்கடையில் கோபப்படும் தோட்டத்துப் பிள்ளை கற்பனையில் கோபப்படவில்லை. சராசரி உயர்ந்தது என்று சொல்லி அவர் வாயை மூட முயல்வது நேர்மையும் இல்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. வெளிநாட்டவர் எண்ணிக்கை பத்து விழுக்காடு கூடினால், ஏற்கெனவே இங்கிருக்கும் வெளிநாட்டவரின் கூலி ஏறத்தாழ நான்கு விழுக்காடு விழுகிறது. யாருடைய கூலி மிக எளிதாக விழுகிறது என்றால், பேரம் பேச முடியாதவருடைய கூலி. உள்ளூர்ப் பாமரரைக் காப்பாற்ற வேண்டுமானால் அவருக்குக் கீழே இருக்கும் படியை உயர்த்த வேண்டும். கீழ்ப் படியில் நிற்பவரைப் பயமுறுத்தினால் அந்தப் படி இன்னும் தாழ்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கு உலக வங்கி 2018-இல் செய்த ஆய்வும், 1996 முதல் 2011 வரையிலான கணக்கில், ஒரு குடியேறித் தொழிலாளிக்கு ஏறத்தாழ இரண்டு உள்ளூர் வேலை உண்டானதைக் கண்டது. டுடுலா அடைக்கச் சொன்ன கடைகளில் அந்த வேலைகளும் இருந்தன.

இரண்டாவது மறுப்பு, ஆளே வராவிட்டால் முதலாளி கூலியை உயர்த்தித்தானே ஆக வேண்டும் என்பது. இதற்கும் சோதனை நடந்துவிட்டது. கோவிட் காலத்தில், 2020 ஜூனில், வெளிநாட்டு ஆள் எடுப்பு நின்றது. ஏறத்தாழ ஈராண்டு அப்படியே கிடந்தது. செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகள் மரத்திலேயே அழுகின. 2019-இல் 198 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் கச்சாப் பாமாயில் உற்பத்தி 2021-இல் 181 லட்சம் டன்னாக இறங்கியது. 2022 மார்ச்சில் விலையோ டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. வரலாறு காணாத விலை கையில் இருந்தும், கூலியை உயர்த்தி உள்ளூர் ஆளைப் பிடித்த தோட்டத்தைவிட, கதவு எப்போது திறக்கும் என்று மனுப் போட்டுக் காத்திருந்த தோட்டமே அதிகம். ஏன் காத்திருந்தார்கள்? திறக்கும் என்று தெரியும். 1969-க்குப் பிறகு திறந்தது, 2002-இல் இந்தோனேசியரைக் கடைசியாக எடுங்கள் என்று சொன்ன பிறகும் திறந்தது, 2016-க்குப் பிறகும் திறந்தது. நிலையான விதி இருந்தால் முதலாளி இயந்திரம் வாங்குவார், கூலியை உயர்த்துவார். கோபத்துக்கு ஏற்ப மூடி, தட்டுப்பாட்டுக்கு ஏற்பத் திறக்கும் விதி இருந்தால் காத்திருப்பதுதான் அவருக்கு இலாபம்.

மூன்றாவது மறுப்பு முதலாளி தரப்பிலிருந்து வரும்: உள்ளூர்க்காரன் இந்த வேலைக்கு வரமாட்டான், சோம்பேறி. இதைச் சொல்பவர் விடியற்காலை நான்கு மணிக்கு ஜொகூர் பாருப் பாலத்துக்கு வந்து பார்க்கட்டும். ஆயிரக்கணக்கான மோட்டார்சைக்கிள்களில் சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் யார்? கிடங்கில் மூட்டை தூக்கவும், கழிவறை கழுவவும், பாதுகாவலராக நிற்கவும், தொழிற்சாலையில் இரவுமுறை பார்க்கவும் போகிற ஜொகூர் மக்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால் போகிறார்கள். அங்கே அவர்களும் பெர்மிட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர். அவர்களுக்கும் லெவி உண்டு. 2013 பிப்ரவரியில் மக்கள்தொகை வெள்ளை அறிக்கையை எதிர்த்து ஹோங் லிம் பூங்காவில் திரண்ட ஆயிரக்கணக்கான சிங்கப்பூரரின் கோபத்தில் அவர்களும் ஓர் எண்ணிக்கை. ஆனால் பெங்கெராங் வங்காளதேசிக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜொகூர்க்காரர் தலையில் ஏஜெண்டு கடன் இல்லை. சம்பளம் பிடிக்காவிட்டால் மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டு மறுநாள் வேறு இடம் தேடலாம். வெளியேறும் வழி திறந்திருப்பதால்தான் அவருக்கு அந்தக் கூலி நிலைக்கிறது. அந்த வழி அடைந்தால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச் 18 அன்று எல்லை மூடியபோது, அங்கே சிக்கிக்கொண்ட மலேசியர் இரண்டு ஆண்டு அனுபவித்தார்கள். ஜொகூரில் ஆள் இல்லை என்பதும், ஜொகூர் ஆள் சிங்கப்பூரில் இருக்கிறார் என்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். நடுவில் வந்து நிற்கும் நேப்பாளியையும் வங்காளதேசியையும் பழிப்பதால் அந்தக் கணக்கில் ஒரு சென்னும் மாறாது.

பெர்மிட்டை அவிழ்த்துவிட்டால் எல்லோரும் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு ஓடிவிடுவார்களே, கொண்டுவந்த செலவு யாருக்கு என்று நிர்வாகிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எத்தனை பேர் வரலாம், எந்தத் துறைக்கு வரலாம் என்று வரம்பு வைப்பது ஒவ்வொரு நாட்டின் உரிமை. அதை நான் மறுக்கவில்லை. வந்தவர் அந்தத் துறைக்குள் முதலாளி மாறலாம் என்பது வேறு. தோட்டத் துறைக்கு வந்தவர் தோட்டத்துக்குள்ளேயே மாறினால் நாட்டின் கணக்கில் ஒரு தலையும் கூடாது. கூலி தராத தோட்டம் ஆளை இழக்கும், தருகிற தோட்டம் பெறும். கொண்டுவந்த செலவை மாறும் முதலாளிகள் மாதக் கணக்கில் பகிர்ந்துகொள்ள ஒரு விதி எழுதுவது கடினமில்லை. இதைவிடச் சிக்கலான கணக்குகளை எங்கள் ஆபீஸ்களில் சாதாரணக் கிளார்க்குகள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் சமூகத்துக்குள்ளேயே இந்த விஷயத்தில் இரண்டு குரல் இருப்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு பக்கம் வெளிநாட்டவரைக் குறை சொல்கிறோம். மறுபக்கம் முடிதிருத்தும் கடை, நகைக்கடை, துணிக்கடை வைத்திருக்கும் நம்மவர் சங்கங்கள் ஆள் தா என்று ஆண்டுக்கணக்கில் அரசிடம் மன்றாடி, 2023-இல் இந்த மூன்று துறைக்கும் 7,500 பேருக்கு அனுமதி பெற்றன. அப்படி வருகிறவர் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வரும் தமிழர்தான். மொழி ஒன்றாக இருப்பதால் கூலி ஒன்றாகிவிடுவதில்லை. இன்னொரு பக்கம், ரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்த ஐரீன் பெர்னாண்டஸ் 1991-இல் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் படும் கொடுமையை 1995-இல் அறிக்கையாக வெளியிட்டதற்காக, 1996 முதல் 2008 வரை நீதிமன்றப் படி ஏறி இறங்கி, இறுதியில் விடுதலையானார். தென்னாப்பிரிக்காவிலும் கோபனாங் ஆப்பிரிக்கா என்ற கூட்டமைப்பு வழக்குத் தொடுத்து, தனியார் யாரும் தெருவில் அடையாளப் பத்திரம் கேட்கக்கூடாது, மருத்துவமனை வாசலை மறிக்கக்கூடாது என்று 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றது. இந்த எதிர்வினைகளை இரக்கத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு. இவை உள்ளூர்த் தொழிலாளியின் கூலிக்கும் காவலாக நிற்பவை.

எனவே கோபப்படும் நம் இளைஞர்களுக்கு, கோபத்தை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கோரிக்கையை மாற்றுங்கள் என்பேன். வெளிநாட்டவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் இ.பி.எஃப். ஒரே விகிதம் ஆகட்டும். 2 விழுக்காட்டுக்கும் 13 விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளி நம்மை வேலையிலிருந்து தள்ளும் மானியம். துறைக்குள் முதலாளி மாறும் உரிமை வரட்டும். ஏஜெண்டு செலவு முழுவதையும் முதலாளியே ஏற்கட்டும். தொழிலாளி கையில் வாங்கியது நிரூபணமானால் கோட்டா பறிபோகட்டும். கூலிப் புகார் கொடுத்தவரை, விசாரணை முடியும்வரை குடிநுழைவுத்துறை தொடக்கூடாது என்று சட்டத்தில் எழுதட்டும். ஒப்பந்தக்காரர் வழி வந்தவருக்கும் சங்க ஒப்பந்தம் பொருந்தட்டும். சங்கங்களும் அவர்களை உறுப்பினராகச் சேர்க்கத் தயங்கக்கூடாது. இவை நடந்த பிறகும் ஒரு முதலாளி வெளிநாட்டவரைத்தான் எடுக்கிறார் என்றால், அங்கே உண்மையிலேயே ஆள் தட்டுப்பாடு என்று ஒப்புக்கொள்ளலாம். இவை நடக்காதவரை, "அவர்களை அனுப்புங்கள்" என்ற கோஷத்துக்கு நாம் சேர்க்கும் ஒவ்வொரு குரலும், அடுத்த கப்பலில் வருகிறவரை இன்னும் மலிவாக்கி, அந்த மலிவை நம் சம்பளச் சீட்டிலும் எழுதிவிடும்.